பக்கத்து மரத்துப் பள்ளிக்கூடம்

தனியார் பள்ளிக்கூடங்களுக்கென்று ஒரு வாசம் இருக்கிறது. தரை துடைக்கிற எலுமிச்சை மருந்து, புதுப் பெயின்ற், தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிக்கொண்டு வந்த பிள்ளைகள், அவர்களைவிடக் கூடப் பயந்துபோன பெற்றோரின் வியர்வை எல்லாம் குளிரூட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிற வாசம். கிளிநொச்சியில் ஏ ஒன்பது வீதியை விட்டு இரண்டு ஒழுங்கை உள்ளே தள்ளி அப்படி ஒரு பள்ளிக்கூடம் புதிதாக வந்திருக்கிறது. அதன் வரவேற்பறையில் நானும் மனைவியும் மகளும் நேர்முகத்துக்காகக் காத்திருந்தோம்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் தரம் வரைதான் உண்டு. அடுத்த வருசம் மகள் ஆரணியை எங்கே விடுவது என்பதுதான் வீட்டில் சில மாதங்களாக ஓடிய கதை. நகரத்து அரச பள்ளிக்கூடமா, இந்தத் தனியார் பள்ளிக்கூடமா? ஆரணி வெளியில் வாய் திறக்காத பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையை வைப்பாள், பூனையிடம் போவாள், அவ்வளவுதான். பெரிய வகுப்பொன்றில் இப்படி ஒரு பிள்ளை இருப்பதே ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும் என்று மனைவி பயந்தாள். ஆங்கிலத்தில் படிப்பிக்கிற இடத்தில் விட்டால் இருக்கிற கதையும் நின்றுவிடும் என்று நான் பயந்தேன். ஆனால் இரண்டில் எது என்று கேட்டால் எனக்குக் கருத்து இல்லை. கருத்து இல்லாததை நான் நடுநிலைமை என்று சொல்வேன். மனைவி அதற்கு வேறு சொல் வைத்திருக்கிறாள்.

கழுத்துப்பட்டி கட்டிய ஒரு பெண் எங்களை உள்ளே கூப்பிட்டார். மகளிடம் நாலு கேள்வி கேட்டார். அவள் நாலுக்கும் தலையை ஆட்டினாள், அதிலும் எது ஓம், எது இல்லை என்று கண்டுபிடிக்க முடியாதபடிக்கு. பிறகு எங்கள் முறை. மனைவி வவுனியாவில் தான் படித்த பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னாள். நல்ல பெயர். அந்தப் பெண் நிமிர்ந்து இருந்து எழுதிக்கொண்டார்.

"ஃபாதர் எங்க படிச்சனீங்கள்?"

"மரத்துக்குக் கீழ."

மேசைக்கு அடியில் மனைவியின் செருப்பு என் காலைத் தேடி வந்தது.

"இல்லை சேர், எந்த ஸ்கூல் எண்டு கேட்டனான்."

"அதைத்தான் சொல்ல வாறன். விட்டது ஒரு மரத்துக்குக் கீழ. படிச்சது பக்கத்து மரத்துக்குக் கீழ."

செருப்பு காலைக் கண்டுபிடித்துவிட்டது. அந்தப் பெண் மரியாதையாகச் சிரித்துவிட்டு எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெளியில் வந்தபோது வரவேற்பறையில் இருந்த ஒருவர் என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். முல்லைத்தீவில் புடவைக் கடை வைத்திருப்பவர், மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கதவு சரியாகச் சாத்தப்படாததால் எல்லாம் கேட்டிருக்கிறது. தன்னிடமும் இதையே கேட்பார்களோ என்றார். கட்டாயம் கேட்பார்கள் என்றேன். அவருடைய சின்ன வயதில், வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து ஊரைவிட்டுப் போகச் சொல்லி அனுப்பப்பட்ட குடும்பம் அவருடையது. வளர்ந்தது புத்தளத்துப் பக்கத்து முகாமில்.

"எங்கட ஸ்கூல் ஓலைக் கொட்டில் தம்பி. மழைக்கு லீவு, காத்துக்கும் லீவு. நானும் அதையே சொல்லட்டா?"

"சொல்லுங்கோ நானா. ஆனா மனிசியைப் பக்கத்தில இருத்தாதேங்கோ."

நான் பகிடி விட்டதாகத்தான் மனைவி வீடு வரும் வரை நினைத்தாள். உண்மையில் அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கிற மிகச் சுருக்கமான பதில் அதுதான். கொஞ்சம் நீட்டிச் சொன்னால் இப்படி.

அப்பா யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இரணைமடுக் குளத்தை நம்பி வந்து வயல் செய்தவர். சண்டை நெருங்கிக் கிளிநொச்சியை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட வருசம் எனக்குப் பன்னிரண்டு வயது. உழவு இயந்திரப் பெட்டியில் முதலில் ஏறியது எங்கள் அலுமாரி. அதை ஏற்றத்தான் அப்பா நாலு பேரைப் பிடித்தார். ஸ்கந்தபுரத்தில் இறக்கி வைத்த பிறகுதான் அதைப் பூட்டிய திறப்பு விட்டுவந்த வீட்டுச் சுவரில் தொங்குகிறது என்று தெரிந்தது. எங்கள் உடுப்பெல்லாம் எங்களோடுதான் வந்தது, ஆனால் கொஞ்ச நாளாக நாங்கள் அதைப் போட முடியவில்லை.

ஸ்கந்தபுரம் அப்போது பாவம். வயலும் தோட்டமுமாகத் தன் பாட்டில் கிடந்த கிராமம். ஒரு நகரம் முழுவதும் சட்டி பானையோடு வந்து அதன் மடியில் குந்திக்கொண்டது. சலூன் வந்தது. பல்லுப் பிடுங்குகிறவர் வந்தார். தையல் கடை மெசினைத் தலையில் சுமந்துகொண்டு வந்தது. அந்த ஊர்ச் சனம் ஒருவரையும் போ என்று சொல்லவில்லை. எங்களுக்குக் கொட்டில் போடக் காணி தந்த மனிசன், கிணற்றடியில் தன் வாளியை எங்களுக்காக வைத்துவிட்டுப் போவார். நன்றி சொன்னால் கோபம் வரும் அவருக்கு. அதனால் இங்கேதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடங்களும் அப்படித்தான் வந்து சேர்ந்தன. காலையில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் நடக்கும். மத்தியானத்துக்குப் பிறகு அதே வளவில் இரண்டு விருந்தாளிப் பள்ளிக்கூடங்கள். இரண்டுக்கும் வேறு வேறு அதிபர், வேறு தேவாரம், வேறு மணி. ஒன்றுக்குத் தண்டவாளத் துண்டு, மற்றதற்கு வெற்று ஷெல் கோது. இரண்டும் ஒரே நேரத்தில் அடித்தால் காகம்கூட அந்தப் பக்கம் வராது. கட்டடத்துக்குள் சோதனை எடுக்கிற பெரிய வகுப்புகள் இருக்கும். எங்களைப் போன்ற சின்ன வகுப்புகளுக்கு மரம். ஒரு பள்ளிக்கூடத்துக்கு மருதமரம், மற்றதற்குப் புளியமரம். கரும்பலகையை மரத்தில் சாத்திவிட்டால் வகுப்பு. கதிரை மேசை கிடையாது. ஆளுக்கொரு உரப்பை கொண்டுபோக வேண்டும், விரித்து இருப்பதற்கு. என்னுடைய பையில் யூரியா என்று பெரிதாக எழுதியிருக்கும். நான் வளர்ந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

தனியார் என்ற சொல்லும் அங்கே இருந்தது, மறந்துவிட்டேன். தனியார் கல்வி நிலையம் என்றால் ரியூசன் கொட்டில். நாலு தடி, மேலே கிடுகு, முன்னால் ஒரு பெயர்ப் பலகை. கொட்டிலைவிடப் பலகை பெரிது. அதிலிருந்த பெயரை வாசித்து முடிப்பதற்குள் கொட்டிலைக் கடந்துவிடுவோம்.

அம்மாவின் கதைக்கு வருகிறேன். எப்போது வீட்டை விட்டு வெளிக்கிடுவது என்பதை ஷெல் தீர்மானித்தது. எந்தப் பாதையால் போவது என்பதை முன்னால் போன உழவு இயந்திரம் தீர்மானித்தது. எங்கே இருப்பது என்பதைக் காணிக்காரரும், எதைத் தின்பது என்பதை நிவாரணமும் பார்த்துக்கொண்டன. அம்மாவுக்கென்று தெரிவுசெய்ய மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான், மகனை எந்தப் பள்ளிக்கூடத்தில் விடுவது. அந்த ஒன்றிலாவது பிழை விடக்கூடாது என்று அவா நின்ற நிலையைப் பார்த்தால், நான் படித்து நாட்டையே நடத்தப் போகிறேன் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான் இப்போது நீர்ப்பாசன அலுவலகத்தில் கடிதங்களுக்கு இலக்கம் போடுகிறேன்.

அம்மா சீலை எடுக்கிற மாதிரி இரண்டு பள்ளிக்கூடத்தையும் விரித்துப் பார்த்தா. கண்டவர்களிடம் எல்லாம் விசாரித்தா. முடிவில் மருதமரம் என்றா. அது இடம்பெயருவதற்கு முதலே ஊரில் பெயர் எடுத்த பள்ளிக்கூடம். அதன் ஆங்கில மாஸ்டர் கனவிலும் ஆங்கிலத்தில்தான் ஏசுவார் என்று கதை இருந்தது. அப்பாவுக்கும் சந்தோசம். பெயர் பெற்ற பள்ளிக்கூடம் என்பது அவருக்கு அலுமாரி மாதிரி. திறக்காவிட்டாலும் வீட்டில் நிற்க வேண்டும்.

அங்கேதான் சூரியன் குறுக்கிட்டது.

பின்னேரப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். மத்தியானம் நிழல் மரத்தடியில் இருக்கும். நேரம் போகப் போக அது கிழக்கே நகரும். நிழல் நகர நகர நாங்களும் உரப்பையை இழுத்துக்கொண்டு நகர வேண்டும். கரும்பலகை மட்டும் மரத்தோடு நிற்கும். முதல் பாடத்தில் பலகை மூக்குக்கு முன்னால். கடைசிப் பாடத்தில் அது தூரத்து உறவு. எழுத்தும் தெரியாது, மாஸ்டர் சொல்வதும் கேட்காது. மருதமரத்துக்குக் கிழக்கே நின்றது புளியமரம். பின்னேரமாகும்போது மருதமரத்து நிழல் நேராகப் புளியமரத்து வகுப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அதற்குள் நாங்களும்.

முதல் நாள் நான் கடைசி வரிசை. கடைசி வரிசைதான் முதலில் எல்லை தாண்டும். எங்கள் மாஸ்டரின் குரல் தேய்ந்து தேய்ந்து போக, பக்கத்தில் ஒரு மிஸ்ஸின் குரல் தெளிவாகக் கேட்கத் தொடங்கியது. பின்னங்களைப் படிப்பித்துக்கொண்டிருந்தா. ஒரு பேக்கரிப் பாணை எத்தனை வீட்டுக்கு எப்படிப் பிரிக்கலாம் என்று கேட்டா. அந்தக் காலத்தில் அதைவிட முக்கியமான கேள்வி இருக்கவில்லை. நான் கையை உயர்த்தினேன். மிஸ் என்னைக் காட்டிச் சொல்லச் சொன்னா. சொன்னேன். பிழைதான். ஆனால் பாண் மிச்சம் வருகிற மாதிரிப் பிழை விட்டிருக்கிறாய், நல்ல பிள்ளை என்றா. வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை.

அடுத்த நாள் உரப்பையை நேரே புளியமரத்தடியில் விரித்தேன். இது திட்டமிட்ட வேலை என்று நினைக்க வேண்டாம். இரண்டு பள்ளிக்கூடம் என்பதே எனக்குச் சரியாக விளங்கவில்லை. மத்தியானத்துக்கு ஒரு மரம், பின்னேரத்துக்கு ஒரு மரம் என்று நினைத்திருந்தேன், பிறகு மத்தியானத்து மரத்தை மறந்துவிட்டேன். என்னை ஒருவரும் கேட்கவுமில்லை. ஒவ்வொரு நாளும் எங்கிருந்தோ புதுப் பிள்ளைகள் உரப்பையோடு வந்து இருந்தார்கள். யாருடைய பிள்ளை என்று கேட்டுக்கொண்டிருந்தால் பாடம் நடத்த நேரம் இருந்திராது. இருக்கிற பிள்ளைக்குப் படிப்பிப்பது என்பதுதான் அங்கே வழக்கம்.

கொஞ்ச நாள் கழித்து அம்மா மருதமரத்துக்கு வந்தா, மகன் எப்படிப் படிக்கிறான் என்று கேட்க. மாஸ்டர் யோசித்துப் பார்த்துவிட்டு, முதல் நாள் கண்டதோடு சரி, பிறகு அவன் வரவே இல்லை என்றார். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் போகிறேன் என்று வெளிக்கிட்ட பிள்ளை பள்ளிக்கூடத்தில் இல்லை என்றால் ஒரு தாய் என்னென்ன நினைப்பா என்பதை நான் எழுதத் தேவையில்லை. பக்கத்து வகுப்பிலிருந்து நான் அம்மாவைக் கண்டேன். சைக்கிள் பிடி ஒரு பக்கம், அவா ஒரு பக்கம் சரிந்துகொண்டு நின்றா. எழும்பி நின்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்த முகத்தில் அடி விழப்போகிறதா, முத்தம் விழப்போகிறதா என்று தெரியவில்லை. இரண்டும் விழுந்தன. அடி முதலில்.

இரண்டு அதிபர்களும் வந்துவிட்டார்கள். வெள்ளைச் சேர்ட், வெள்ளைக் காற்சட்டை, வெயிலில் இருவரையும் பார்க்கக் கண் கூசியது. ஒருவர், பிள்ளை உங்களுடையது, கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். மற்றவர், இல்லை, உங்களிடம்தானே இருக்கிறான், வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கலியாணப் பந்தியில் கடைசி வடையைத் தள்ளி விடுகிற மாதிரி என்னை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளினார்கள். நான் அவ்வளவு மரியாதையாக நடத்தப்பட்டது அதற்குப் பிறகு இல்லை. கடைசியில் இருவரும் சேர்ந்து அம்மாவைப் பார்த்தார்கள்.

அம்மா சைக்கிளை வேலியில் சாத்தினா. இரண்டு மரத்துக்கும் நடுவில் சீலையை ஒதுக்கிக்கொண்டு நிலத்தில் இருந்தா. பள்ளிக்கூடம் முடியும் வரை எழும்பவில்லை. அதிபர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, இந்த மனிசி சும்மா போகாது என்று விளங்கிப் போய்விட்டார்கள். நான் கொப்பிக்குள் தலையை விட்டுக்கொண்டு, எதையும் எழுதாமல், அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவா என்ன முடிவெடுப்பா என்பதைவிட எனக்குப் பெரிதாக உலகத்தில் ஒன்றும் இருக்கவில்லை. புளியமரத்தை விட மனம் இல்லை எனக்கு.

வீட்டுக்குப் போனோம். கொட்டிலில் அப்பா சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா முகம் கழுவிவிட்டு வந்து சொன்னா:

"இவன் அந்தப் புளியடியிலயே இருக்கட்டும்."

அப்பா ரியூப்பை விட்டார். "பேர் பெற்ற பள்ளிக்கூடத்தை விட்டுட்டோ?"

"அந்த மாஸ்டர் பலகையடியில அடிமரத்து நிழலுக்க கதிரை போட்டு இருக்கிறார். நிழலுக்க இடம் காணாத பிள்ளையள் வெயிலுக்க."

"அவருக்குச் சலரோகம் இஞ்சேர். பாவம், நிக்கேலாது."

"நான் குறை சொல்லேல்லை. இந்த ரீச்சர்ப் பிள்ளை வெயிலுக்க நிண்டு படிப்பிக்குது, கொப்பியைத் தலையில பிடிச்சுக்கொண்டு. நிழல் முழுக்கப் பிள்ளையளுக்கு. பலகையையும் தானே தூக்கிக்கொண்டு பின்னால வருது."

"எண்டாலும் ஒரு பேர் எண்டு..."

"பேர் வெயிலை மறைக்குமே?"

அப்பா திரும்பவும் ரியூப்பை எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் கல்விக் கொள்கை வகுக்கப்பட்டது அவ்வளவு நேரத்தில்தான்.

மிஸ்ஸுக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது இருக்கும். எங்களுக்கு அது பெரிய வயது. இப்போது கணக்குப் பார்த்தால், அந்த நேர்முகத்தில் என்னிடம் கேள்வி கேட்ட பெண்ணைவிட இளையவா. பின்னங்களையும் கொஞ்சம் அட்சரகணிதத்தையும் அவாவிடம்தான் படித்தேன். பாண் மிச்சம் வருகிற மாதிரிப் பிழை விடும் பழக்கம் இன்றும் போகவில்லை. அவா இப்போது வெளிநாட்டில் என்று ஒருவர் சொன்னார். வவுனியாவில் என்று இன்னொருவர். நான் இரண்டு பேரையும் நம்புகிறேன். அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

நேர்முகம் முடிந்து இரண்டு நாளில் பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார்கள். பிள்ளையை ஒரு நாள் வகுப்பில் இருக்க விடுங்கள், பிறகு முடிவு செய்யலாம் என்றார்கள். என்னுடைய பதிலுக்குப் பிறகும் கூப்பிட்டதை நினைத்து மனைவி அவர்களைப் பெரிய மனசுக்காரர் என்றாள். அன்று பின்னேரம் நான் அம்மாவை அழைத்தேன். அம்மா லண்டனில் அக்காவோடு இருக்கிறா. திரையில் நெற்றியும் விட்டமும்தான் தெரியும்.

ஆரணியை எங்கே விடுவது என்று எங்களுக்குப் பெரிய குழப்பம், அன்றைக்கு நீங்கள் இரண்டு மரத்துக்கும் நடுவில் இருந்து பார்த்து முடிவெடுத்தீர்களே, அப்படி என்னத்தை எல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். இந்தக் கேள்வியைப் பல நாள் யோசித்து ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன்.

"எந்த மரம் தம்பி?"

"ஸ்கந்தபுரத்தில அம்மா. புளியமரம். அந்தக் கணித மிஸ்."

நெற்றி திரைக்குக் கிட்ட வந்தது.

"எனக்கு ஞாபகமில்லை அப்பன். நானோ இருந்தனான்? நிலத்திலயோ?"

"ஓம், நீங்கள்தான். அப்பாவோடயும் வாதாடினனீங்கள்."

"கொப்பரோட நான் வாதாடாத நாள் எது?" அம்மா சிரித்தா. பிறகு சொன்னா: "நீ பள்ளிக்கூடத்தால வந்து வாய் மூடமாட்டாய். நான் குசினிக்க நிண்டா குசினிக்க, கிணத்தடிக்குப் போனா கிணத்தடி. அங்க இதாம், இஞ்ச அதாம் எண்டு. எனக்கு வேலையே ஓடாது. அது மட்டும் நல்லா ஞாபகம்."

அவ்வளவுதான். இத்தனை வருசமாக நான் பத்திரப்படுத்தி வைத்திருந்த அந்தப் பின்னேரம், அதை உண்டாக்கியவரிடமே இல்லை. எனக்குக் கொஞ்சம் அந்தரமாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு அவாவுக்கு ஞாபகம் வைத்திருக்க வேறு எத்தனையோ இருந்திருக்கும். மகனுடைய பள்ளிக்கூடத்தைச் சரியாகத் தெரிவுசெய்து முடித்த பிறகு அந்தக் கவலையைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டிய தேவை அவாவுக்கு இருக்கவில்லை.

ஆரணியைப் புதுப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் விட்டோம். பள்ளிக்கூடம் முடிகிற நேரம் நான் மோட்டார் சைக்கிளில் போய் நின்றேன். வந்து ஏறினாள். எப்படி என்று கேட்டேன். தலையை ஆட்டியிருக்க வேண்டும், என் முதுகில் ஒரு அசைவு தெரிந்தது. சரி, இதுவும் சரிவராது என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன். இரணைமடுச் சந்தி தாண்டி வாய்க்கால் ரோட்டில் திரும்பியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அப்பா, அங்க ஒரு பிள்ளை பென்சில் எல்லாத்தையும் கடிக்கிறா. மற்றாக்களின்ரயும்."

"அப்பிடியோ?"

"ஓம். என்ரயையும் கேட்டவா. குடுத்தனான்."

நான் வேகத்தைக் குறைத்தேன். காற்று சொற்களைப் பறித்துக்கொண்டு போனது. அந்தப் பிள்ளையின் பெயர், அதன் வீட்டு நாய், ஆங்கில ரீச்சர் தமிழில் தும்முவது, மேல்மாடி யன்னலால் புகையிரதம் தெரிவது எல்லாம் பாதி பாதியாக என் காதில் விழுந்தன. வீட்டு ஒழுங்கை வந்தபோது நான் திரும்பாமல் நேரே போனேன். அப்பா, வீடு அங்கால என்றாள். பெற்றோல் பார்க்க வேண்டும் என்று ஏதோ சொன்னேன். இன்னொரு சுற்று சுற்றி வந்தோம். மனைவி வாசல் படலையில் நின்றாள். மகள் இறங்கிப் பூனையைத் தாண்டி அவளிடம் ஓடி, முதலில் இருந்து தொடங்கினாள். எந்தப் பள்ளிக்கூடம் என்று அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் கதைக்கவில்லை.

போன கிழமை அலுவலக வேலையாக ஸ்கந்தபுரம் போனேன். அந்த வளவைச் சுற்றி இப்போது நல்ல மதில். படலையில் ஒருவர் இருந்தார், உள்ளே போகிறவர்களைப் பெயர் கேட்டுத்தான் விடுவார். புளியமரம் நின்ற இடத்தில் இரண்டு மாடிக் கட்டடம். மருதமரமும் இல்லை. அந்த விருந்தாளிப் பள்ளிக்கூடங்கள் தங்கள் தங்கள் ஊருக்குத் திரும்பிப் போய்ப் பல காலம். அவற்றுக்கும் மதில் இருக்கிறது, மேசை கதிரை இருக்கிறது, யன்னல் இருக்கிறது. எல்லாம் நல்லது, நான் குறை சொல்லவில்லை. மதிலுக்கு வெளியில் நின்று கொஞ்ச நேரம் கேட்டேன். உள்ளே ஒரு ரீச்சர் இடாப்பு வாசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் அவரவர் வகுப்பில் இருந்தார்கள். இடாப்பில் பெயரில்லாத ஒரு பிள்ளை உரப்பையை விரித்துக்கொண்டு வந்து இருந்தால், யாரென்று கேட்காமல் பாடத்தைத் தொடரத் தெரிந்த வகுப்பு எதுவும் இனி அங்கே இல்லை.